பளிங்கு முகமும் கூப்பிய கையும்

நாவினால் பேசுவது மட்டுமே பேச்சு என்று எண்ணுவோர் மக்கள் வாழ்வைக் கூர்ந்து நோக்காதவரே ஆவர். மனிதன் வாய் திறவாதபோதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். அவன் புருவம் பேசுகிறது, கை பேசுகிறது, அவன் நிற்கும் நிலையும், விலகி அமரும் தூரமும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விடும் பெருமூச்சும் பேசுகின்றன. இப்பேச்சை நம் முன்னோர் 'குறிப்பு' என்றனர். உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுவதை 'மெய்ப்பாடு' என்றனர். இக்காலத்தார் 'உடல்மொழி' என்னும் புதுப் பெயரால் அதனை வழங்குகின்றனர்.

இவ்வுடல்மொழியைப் பற்றி இன்று நூல்கள் மலிந்துவிட்டன. மார்பின் குறுக்கே கைகளைக் கட்டினால் மனத்தை மூடிக்கொண்டான். மூக்கைத் தொட்டால் பொய் சொல்கிறான். கண்ணை நேரே நோக்காவிட்டால் குற்றமுள்ளவன் — இவ்வாறு அகராதியிற் சொல்லுக்குப் பொருள் எழுதுவதுபோல், ஒரு செய்கைக்கு ஒரு பொருள் எழுதி விற்கின்றனர். வேலைக்கு ஆள் எடுப்போரும், விற்பனை பயில்வோரும் இவற்றை ஆவலோடு கற்கின்றனர். தமிழில் இவ்விஷயத்தைப் பேச எழுவோர் பலர், முகத்தைப் பளிங்குக்கு ஒப்பிட்ட திருக்குறளை முன்னே நிறுத்தி, நம்மவர் இதனை அன்றே கண்டுவிட்டார் என்று பெருமை கூறிவிட்டு, அந்த அகராதியையே திரும்பவும் ஒப்பிக்கின்றனர்.

வெறும் பெருமை பேசுவதில் நமக்கு விருப்பமில்லை. நம் பழைய நூல்கள் குறிப்பைப் பற்றி உண்மையில் என்ன கூறுகின்றன, எந்த அளவோடு நின்று கூறுகின்றன, யார் யாருடைய முகத்தைப் படிப்பதைக் கூறுகின்றன என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம். முகத்தைப் பார்த்து ஒருவனைத் தீர்ப்பது பொழுதுபோக்கு அன்று. வேலை கேட்டு வந்த இளைஞனின் பிழைப்பும், சாட்சிக் கூண்டில் நிற்கும் ஏழையின் மானமும் அத்தீர்ப்பில் தொங்குகின்றன. ஆகலின் இதனை ஆற அமர ஆராய்தல் வேண்டும்.

காரணம் தேடும் இலக்கணம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் அங்கே வகுக்கப்படுகின்றன. இஃது அனைவரும் அறிந்ததே. ஆனால் அவ்வெட்டையும் ஆசிரியர் எவ்வாறு விரிக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அழுதால் கண் எவ்வாறு சிவக்கும், அஞ்சினால் கை எவ்வாறு நடுங்கும் என்று அவர் அங்கே பட்டியல் இடவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் எதிலிருந்து பிறக்கிறது என்றே கூறுகிறார். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் காட்டுகிறார். அழுகைக்கு அவமதிப்பும், இழப்பும், நிலை தாழ்தலும், வறுமையும் காரணம். வெகுளிக்கு உறுப்பை அறுத்தலும், குடியைக் கெடுத்தலும், அலைத்தலும், கொலையும் காரணம். நகை என்னும் பெயர் ஒன்றே. எனினும் பிறரை எள்ளுவதிற் பிறக்கும் நகை வேறு, இளமையிற் பிறக்கும் நகை வேறு.

இதன் உட்பொருள் யாது? பல் தெரிவதைக் கண்டு நகை என்று சொல்வது எளிது. அஃது எந்த நகை என்று சொல்வதற்கு அதன் பிறப்பிடத்தை அறிதல் வேண்டும். கண்ணீரைக் கண்டவன் அழுகையைக் கண்டவன் ஆகான். வறுமையால் வந்த கண்ணீரா, அவமதிப்பால் வந்த கண்ணீரா என்று அறிந்தவனே அழுகையைக் கண்டவன். செய்கையிலிருந்து நேரே தீர்ப்புக்குத் தாவுவது இக்கால அகராதிகளின் வழி. காரணத்திலிருந்து தொடங்குவது தொல்காப்பியர் வழி.

அச்சத்துக்கு அவர் கூறும் நான்கு காரணங்களை நம் வாசகர் சிறப்பாக நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நான்காவது, தம்மை ஆளும் இறை. காட்டு விலங்கையும் வழிப்பறிக் கள்வனையும் வைத்த அதே வரிசையில் ஆள்வோனையும் அவ்விலக்கண ஆசிரியர் ஆரவாரம் ஏதுமின்றி வைத்துவிட்டார்! அதிகாரத்தின் முன் நிற்பதே உடலை நடுங்கச் செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். தன் முன் நடுங்கி நிற்பவனைக் கண்டு, 'இவன் குற்றவாளி' என்று தீர்க்கும் அதிகாரி, அந்நடுக்கத்துக்குக் காரணம் தான் அமர்ந்திருக்கும் நாற்காலியே என்பதை அறிகிலன்.

காதலைப் பேசுமிடத்தில் தொல்காப்பியர் புறக்குறிகளையும் அடுக்குகிறார். நெற்றி வியர்த்தல், நகையை மறைத்தல், கூந்தலை விரித்தல், உடையைத் திருத்தி உடுத்தல் முதலியவை அங்கே வருகின்றன. ஆனால் தனியொரு செய்கையைப் பிடித்துக்கொண்டு அவர் பொருள் கூறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வளரும் படிகளாக அவற்றை வைக்கிறார். இயலை முடிக்கும்போது, கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரும் உணர்வுடையோர்க்கு அன்றி இப்பொருள் எண்ணிப் பார்த்தற்கு அரியது என்று எச்சரித்தும் செல்கிறார். கண்ணோடு செவியையும் அவர் வேண்டினார் என்பதை மறவற்க. அதன் பயன் இக்கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

அரசவையில் குறிப்பறிதல்

இனித் திருக்குறளுக்கு வருவோம். குறிப்பைப் பற்றி வள்ளுவர் மூன்று அதிகாரங்கள் செய்துள்ளார். பொருட்பாலில் 71-ஆம் அதிகாரம் குறிப்பறிதல். காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரமும் குறிப்பறிதலே. 128-ஆம் அதிகாரம் குறிப்பறிவுறுத்தல். ஒரே தலைப்பை இரண்டு பால்களிலும் வைத்திருத்தல் தற்செயல் அன்று. அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு அவர் கருத்தின் வேறுபாடு புலனாகும்.

பொருட்பாலின் அதிகாரம் அமைச்சனுக்குரிய பகுதியில் நிற்கிறது. அதற்கு முன்னுள்ளது மன்னரைச் சேர்ந்தொழுகல், பின்னுள்ளது அவையறிதல். முன்னதிகாரத்தின் முதற் குறளே அரசனை நெருப்பாகக் காட்டுகிறது. மிக நெருங்கினால் சுடும். மிக விலகினால் பயனில்லை. பெரியோர் முன்னிலையில் மற்றொருவரோடு சேர்ந்து சிரித்தலும், காதோடு காதாகப் பேசுதலும் ஆகா என்று மற்றொரு குறள் கூறுகிறது. அரசனிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன் அவன் குறிப்பையும் காலத்தையும் அறிந்துகொள்ள வேண்டும் என்று இன்னொரு குறள் அறிவுறுத்துகிறது. இவற்றை அடுத்தே முகத்தின் பளிங்கும் கண்ணின் அளவுகோலும் வருகின்றன.

ஆகவே, இங்கே படிக்கப்படும் முகம் ஆள்வோன் முகம். படிப்பவன் அவனுக்குக் கீழ் நிற்பவன். இதுவே உலகத்து நடைமுறை. துரையின் புருவம் எப்போது நெரியும் என்பதைத் தொழிலாளி அறிவான். தொழிலாளியின் புருவத்தைத் துரை அறிய வேண்டிய அவசியமில்லை. மாமியாரின் முகக்குறிப்பை மருமகள் அறிவாள். மருமகளின் குறிப்பை அறிய மாமியாருக்கு அக்கறையில்லை. எளியவன் வலியவனைப் படிப்பது பிழைப்புக்காக. அக்கல்வியை அவன் விரும்பிக் கற்றதில்லை. குறிப்பறிவதை உலகுக்கு அணி என்று நாம் போற்றும்போது, அவ்வணியை யார் தலையில் சுமத்தியிருக்கிறோம் என்பதையும் கேட்டல் வேண்டும் அன்றோ?

இக்குறையை நாம் வள்ளுவர்மேல் ஏற்றவில்லை. அமைச்சனுக்கு அறிவுரை கூறும் இடத்தில் அமைச்சனின் கண் வழியாகவே அவர் பார்த்தார். அதனை மனிதர் அனைவரையும் அளக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொண்டு, வலியவன் கையில் கோலாகக் கொடுப்போர்மீதே நம் குறை.

பளிங்கா? படைக்கலமா?

முகம் பளிங்கு என்னும் குறளுக்கு எதிரே, கூடாநட்பு என்னும் அதிகாரத்தை வைத்துப் பாருங்கள். அங்கே 828-ஆம் குறளில், பகைவர் கூப்பிய கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கும் என்றும், அவர் வடிக்கும் கண்ணீரும் அத்தன்மையதே என்றும் வள்ளுவர் எச்சரிக்கிறார். 824-ஆம் குறளில், முகத்தால் இனிதாகச் சிரித்து அகத்தால் தீயவராய் இருக்கும் வஞ்சகரை அஞ்ச வேண்டும் என்கிறார். முகம் உள்ளத்தைக் காட்டும் பளிங்கு என்றவரும் அவரே; முகம் சிரிக்க அகம் வஞ்சிக்கும் என்றவரும் அவரே. இஃது முரண் அன்றோ என்று ஒருவர் வினவலாம்.

நம் அபிப்பிராயத்தில் முரண் இல்லை. குறளைச் சொற் சொல்லாகப் படிக்காமல் மேற்கோளாக மட்டும் கையாள்வதனாலேயே முரண்போல் தோன்றுகிறது. பளிங்குக் குறளில், முகம் எதைக் காட்டும் என்று கூறுகிறார்? நெஞ்சில் உள்ளது எல்லாவற்றையும் காட்டும் என்று கூறவில்லை. 'கடுத்தது' காட்டும் என்கிறார். கடுத்தது என்றால் மிகுந்தது, அளவு கடந்து பெருகியது என்று பொருள். பரிமேலழகரும் அப்பொருளே கொள்கிறார். அடுத்த குறளில் முகம் முந்திக்கொண்டு காட்டும் என்று கூறப்படுபவை இரண்டே: உவப்பும் சினமும். அதற்கடுத்துக் கண் உரைக்கும் என்று கூறப்படுபவையும் இரண்டே: பகையும் நட்பும்.

வள்ளுவர் எவ்வளவு அளவோடு பேசியிருக்கிறார் என்பதை இப்போது காண்க. பெருகி வழியும் மகிழ்ச்சியும் கோபமும் முகத்தில் தெரியும். வேண்டியவனா வேண்டாதவனா என்பது கண்ணில் தெரியும். இதற்குமேல் அவர் உரிமை கொண்டாடவில்லை. முகத்தைப் பார்த்து ஒருவனுடைய நேர்மையைச் சொல்லலாம், அறிவைச் சொல்லலாம், திருட்டைச் சொல்லலாம் என்று அவர் எங்கும் கூறினாரல்லர். கொதிக்கும் உணர்ச்சி முகத்துக்கு வரும். குளிர்ந்த சூழ்ச்சி வாராது. கூப்பிய கைக்குள் ஆயுதம் வைத்திருப்பவன் கொதிப்பவன் அல்லன், கணக்கிட்டு நடப்பவன். ஆகவே இரண்டு குறள்களும் தத்தம் இடத்தில் உண்மையே கூறுகின்றன.

அவ்வாறாயின் மனிதனை எதனால் அளப்பது? இதற்கும் அவர் விடை கூறாமற் போகவில்லை. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், நேராக இருக்கும் அம்பு கொடியது, வளைந்திருக்கும் யாழோ இனியது என்று காட்டி, மனிதரையும் அவ்வாறே செயலால் அறிக என்று முடிக்கிறார். நிமிர்ந்து நிற்பவன் நேர்மையாளன், குனிந்து நிற்பவன் கோழை என்று எழுதும் இக்காலக் கையேடுகளுக்கு இந்த ஒரு குறளே போதிய மறுப்பு.

உள்ளத்தை ஐயமின்றி அறிபவனைத் தெய்வத்தோடு ஒப்ப வைக்க வேண்டும் என்று 702-ஆம் குறள் கூறுவது உண்மை. ஐயமின்றி அறிதல் மனிதர்க்கு எவ்வளவு அரிது என்பதே இதனால் பெறப்படுவது. அதனைச் சில நாட் பயிற்சியில் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்வோர் தம்மையும் தம் மாணாக்கரையும் தெய்வங்களாக்க முற்படுகின்றனர் என்றே கொள்ள வேண்டும்.

புதிய ஆராய்ச்சி கூறுவது

நாம் பழைய நூல்களை மட்டும் நம்பி இவ்வாறு கூறவில்லை. விஞ்ஞானிகளும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துள்ளனர். உயிர்களின் தோற்ற வளர்ச்சியை விளக்கிய சார்லஸ் டார்வின், மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதத்தைப் பற்றி 1872-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் 1867-இல் பதினாறு கேள்விகளை அச்சிட்டு உலகின் பல பகுதிகளுக்கும் அனுப்பினார். இலங்கையிலிருந்தும் மலாய்த் தீபகற்பத்திலிருந்தும்கூட அவருக்கு விடைகள் சென்றன. பெரும் உணர்ச்சிகளை மக்கள் முகத்திற் காட்டும் முறை எங்கும் பெரும்பாலும் ஒத்திருக்கிறது என்று அவர் கண்டார். எனினும் ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலையை அசைக்கும் முறை எல்லா மக்களிடமும் ஒன்றாக இல்லை என்பதையும் அவரே குறித்துவைத்தார்.

தமிழர் தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்து இசைவு தெரிவிப்பதைப் பிறநாட்டார் மறுப்பு என்று கொண்டு மயங்குவது இன்றும் நிகழ்கிறது. மலாய் மக்கள் சுட்டுவிரலால் ஒருவரைச் சுட்டுவதை மரியாதைக் குறைவாகக் கருதி, மற்ற விரல்களை மடக்கிப் பெருவிரலாற் சுட்டுவர். அவ்வழக்கம் அறியாதவனுக்கு அதன் பணிவு விளங்காது. பல இனத்தார் கூடி வாழும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில், ஒரே அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா உடல்களையும் படிக்க முற்படுவது எத்துணை அறியாமை!

பேச்சின் பொருளில் நூற்றுக்கு 7 பங்கே சொல்லால் விளங்குகிறது, 38 பங்கு குரலாலும் 55 பங்கு முகத்தாலும் விளங்குகிறது என்னும் கணக்கை மேடைதோறும் கேட்கிறோம். இக்கணக்குக்கு மூலம் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகள். அவர் எடுத்துக்கொண்டவை தனித்தனிச் சொற்கள். அவர் ஆராய்ந்தது, பேசுவோரின் விருப்பு வெறுப்பைக் கேட்போர் எதனால் உணர்கின்றனர் என்பது. சொல் ஒன்றும் குரல் ஒன்றும் முகம் ஒன்றுமாக மாறுபடும்போது எது மேலோங்கும் என்பதே அங்கு எழுந்த வினா. எல்லாப் பேச்சுக்கும் இக்கணக்குப் பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியுள்ளார். பொருந்துமாயின், மொழி அறியாத ஊரில் முகத்தை மட்டும் பார்த்து நூற்றுக்கு 55 பங்கு விஷயத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டுமே! யாரால் இயலும்?

பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமைதான் என்ன? சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்னும் இருவர், அதுகாறும் நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2006-இல் வெளியிட்டனர். தனிக்கருவி எதுவுமின்றி ஒருவர் கூறுவது மெய்யா பொய்யா என்று மக்கள் தீர்மானிக்கும்போது, நூற்றுக்குச் சுமார் 54 தடவையே சரியாகக் கூறுகின்றனர் என்பது அதன் முடிவு. காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்தாலும் 50 தடவை சரியாக வரும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடையுடை பாவனைகளைக் கண்டு ஐயத்துக்குரியோரைப் பிரிக்கும் திட்டம் ஒன்று 2007 முதல் பெருஞ்செலவில் நடந்தது. அதன் பயனுக்குப் போதிய சான்று இல்லை என்று கண்ட அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம், அதற்குப் பணம் ஒதுக்குவதைக் கட்டுப்படுத்துமாறு 2013-இல் பரிந்துரைத்தது.

பெருகிய உணர்ச்சி தெரியும்; மறைத்த எண்ணம் தெரியாது. வள்ளுவர் இட்ட எல்லையும் ஆராய்ச்சி கண்ட எல்லையும் பெரிதும் ஒத்திருக்கின்றன. நாம் பெருமை கொள்வதாயின், அவர் இந்த எல்லையை அறிந்து நின்றதற்கே பெருமை கொள்ளுதல் வேண்டும்.

காதலர் கண்

அரசவையை விட்டுக் காமத்துப்பாலின் குறிப்பறிதலுக்கு வந்தால், காற்றே மாறிவிடுகிறது. இங்கே ஒருவர் மட்டும் படிப்பவர், மற்றவர் படிக்கப்படுபவர் என்னும் நிலை இல்லை. இருவரும் படிக்கின்றனர், இருவரும் படிக்கப்படுகின்றனர். கண்ணும் கண்ணும் ஒத்து நோக்கிவிட்டால் வாய்ச்சொல்லுக்குப் பயனில்லை என்று அதிகாரம் முடிகிறது. ஒத்து நோக்குவதே அங்கு உயிர்.

தலைவன் அவள் உள்ளத்தை எவ்வாறு அறிகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். தான் நோக்கும்போது அவள் நிலத்தை நோக்குகிறாள். இவ்வளவோடு நிறுத்தி, 'விருப்பமில்லை' என்று அவன் தீர்த்துவிடவில்லை. பார்வையை விலக்கிக்கொண்டு, தான் நோக்காதபோது அவள் செய்வதையும் கவனிக்கிறான். அப்போது அவள் அவனை நோக்கி மெல்லச் சிரிக்கிறாள். இரண்டு நிலைகளிலும் வைத்துப் பார்த்த பின்னரே பொருள் கொள்கிறான். தன் பார்வையே அவளை மாற்றுகிறது என்பதை அவன் உணர்ந்திருக்கிறான். அரசவையில் குற்றமாகப் படிக்கப்படக்கூடிய தாழ்ந்த கண், இங்கே அன்பாகப் படிக்கப்படுகிறது. அயலார்போலக் கடிந்து பேசினும் அச்சொல்லுக்கு அடியில் பகையில்லை என்பதும் இவ்வதிகாரத்தில் உணரப்படுகிறது. ஒரே செய்கைக்கு இடந்தோறும் பொருள் மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

128-ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. கோத்த மணிக்குள்ளே தெரியும் நூலைப்போலவும், மொட்டுக்குள் அடங்கிய மணத்தைப்போலவும் அவளிடத்து ஒன்று இருக்கிறது என்கிறான் தலைவன். இன்னது என்று அவன் துணிந்து பெயரிடவில்லை. 'ஒன்று உண்டு' என்ற அளவில் நிற்கிறான். பிரிவை உணர்ந்த தலைவி மூன்று இடங்களில் கண்ணைச் செலுத்துவதாக 1279-ஆம் குறள் கூறுகிறது: வளையலில், தோளில், பாதத்தில். நீ பிரிந்தால் வளை கழலும், தோள் மெலியும், ஆகலின் இப்பாதங்கள் உன்னோடு வருதல் வேண்டும் என்று உரைகாரர் இதற்குப் பொருள் விரிப்பர். ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு முழு விண்ணப்பம்! இலக்கிய நயத்தில் இதற்கு ஈடு காண்பது அரிது.

ஆயினும், நயத்தை வியந்ததோடு நாம் நின்றுவிடலாகாது. அவள் ஏன் வாய் திறந்து சொல்லவில்லை? 'போகாதே, அல்லது என்னையும் அழைத்துச் செல்' என்று கூறினால் என்ன? அடுத்த குறள் விடையைக் காட்டிக்கொடுக்கிறது. காதல் நோயைக் கண்ணாற் கூறி இரப்பது பெண்மைக்கு மேலும் பெண்மை சேர்க்கும் என்று அங்கே புகழப்படுகிறது. அவளுக்கு வாய்ப்பேச்சு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதையே அணிகலனாகவும் ஆக்கிவிட்டார்கள். வாய் அடைக்கப்பட்ட இடத்தில்தான் உடல் இவ்வளவு நுட்பமாகப் பேசக் கற்றுக்கொள்கிறது. அந்நுட்பத்தைப் போற்றுவோம், அதனைப் பிறப்பித்த அடைப்பைப் போற்றோம்.

சைக்கிளிலிருந்து இறங்கிய உடல்

வாய் அடைக்கப்பட்ட உடலுக்கு ஏட்டிலன்றி நாட்டிலும் சான்று உண்டு. மலாயாத் தோட்டங்களில் நம் மக்கள் வாழ்ந்த வாழ்க்கையே அது. வெள்ளைத் துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால், தொழிலாளி தான் ஏறிச் செல்லும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு, சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். படைபலத்தால் போராட்டம் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரும் இழந்தனர்.

கூலி கேட்டது விளங்குகிறது. சைக்கிளை ஏன் சேர்த்தார்கள் என்று சிலர் வியக்கலாம். நாம் இதுகாறும் ஆராய்ந்ததை எண்ணிப் பார்த்தால் வியப்பு எழாது. சைக்கிளிலிருந்து இறங்குவது ஒரு சொல். 'நான் உனக்குத் தாழ்ந்தவன்' என்பது அச்சொல்லின் பொருள். அதனை அத்தொழிலாளி தன் நாவாற் கூறவில்லை. அவன் உடலைக் கொண்டு அவனைக் கூறவைத்தார்கள். நாள்தோறும் பாதையில் தன் உடல் சொல்லிய பொய்யைச் சொல்ல மறுக்கும் உரிமையையே அவன் கேட்டான். இறங்கி நின்றவனைக் கண்டு, 'நம்மிடம் எவ்வளவு மரியாதை!' என்று படித்த துரை எவனாயினும், அவன் படித்தது தான் எழுதிக் கொடுத்த வாசகத்தையே ஆகும்.

அந்த வழக்கம் ஒழிந்து பல்லாண்டுகள் ஆயின. ஆனால் அதன் நிழல் முற்றும் நீங்கிவிட்டதா? பெரியோர் முன் கண்ணைத் தாழ்த்து, கேட்டதற்கு மட்டும் விடை கூறு என்று பெற்றோர் கற்பித்து வளர்த்த இளைஞன், படித்துப் பட்டம் பெற்று ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறான். அவன் தாழ்த்திய கண்ணைக் கண்டு தன்னம்பிக்கை இல்லாதவன் என்று குறித்துக்கொள்கின்றனர். அடக்கமாகக் கட்டிய கையைக் கண்டு மனம் திறவாதவன் என்று குறித்துக்கொள்கின்றனர். அவன் வீட்டில் மரியாதை என்று பெயர் பெற்றது இங்கே குறை என்று பெயர் பெறுகிறது. அவன் செய்யவல்ல வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்தார்களா? அம்பையும் யாழையும் செயலால் அறியச் சொன்னவரின் அறிவுரை அந்த மேசைக்கு எட்டவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

குறிப்பறிதல் வேண்டாம் என்பது நம் முடிவு அன்று. பிறர் முகத்தை நோக்காமல் வாழ்பவன் கல்லுக்கு ஒப்பானவன். நோயாளியின் வேதனையை அவர் சொல்லுமுன் அறியும் தாதியும், பசித்த மாணாக்கனைக் கண்ட மாத்திரத்தில் அறியும் ஆசிரியரும் உலகுக்கு அணியே. நாம் வேண்டுவது, அக்கலையைத் திசை திருப்புதல். எளியவன் வலியவனைப் படிப்பது போதும். இனி வலியவன் எளியவனைப் படிக்கக் கற்கட்டும். தீர்ப்பதற்காகப் படித்தது போதும், கேட்பதற்காகப் படிக்கட்டும். ஒருவன் முகம் வாடியிருப்பதைக் கண்டால் அது முடிவு அன்று. 'உமக்கு என்ன நேர்ந்தது?' என்று வினவுதற்குரிய தொடக்கம். தொல்காப்பியர் கண்ணோடு செவியையும் வேண்டியதன் பயன் இதுவே. கண் ஐயத்தை எழுப்பும். செவியே அதனைத் தீர்க்கும்.

இன்னும் ஒன்று. பிறர் முகத்தைப் படிக்கப் புகுமுன், நம் முகம் பிறர்க்கு என்ன சொல்கிறது என்று அறிதல் வேண்டும். மோந்தால் வாடுவது அனிச்ச மலர். நம் முகம் சற்று மாறினாலே வாடிவிடுவர் விருந்தினர் என்று விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறினார். உதவி கேட்டு வந்தவர் முகம் மலரக் காணும்வரை, கேட்கப்படும் நிலையும் துன்பமே என்று ஈகை அதிகாரத்தில் கூறினார். முதலாவதில் தன் முகத்துக்குத் தானே பொறுப்பாளியாகிறான் மனிதன்; இரண்டாவதில் கொடுப்பவன், பெறுபவன் முகத்தை நோக்கி நிற்கிறான். அமைச்சன் அரசனைப் பார்த்து நின்ற காட்சி இங்கே முற்றும் தலைகீழாகிவிட்டது. குறிப்பறிதல் என்று பெயர் சூட்டாத இவ்விரு குறள்களிலேயே அக்கலையின் உயர்ந்த நிலையை நாம் காண்கிறோம்.

அலுவலகத்தில் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்போரும், பள்ளியில் பிரம்பு இல்லாமலே பிள்ளைகளை நடுங்கச் செய்வோரும், வீட்டில் தம் முகக்குறிப்பால் ஆட்சி நடத்தும் ஆண்மக்களும் இதனைச் சிந்திப்பாராக. தம் முன் நிற்பவர் கைகட்டியிருந்தால், அந்தக் கையின் பொருளை அகராதியிற் தேட வேண்டா. அமரச் சொல்லி, அவர் வாயாற் சொல்ல இடம் கொடுத்துக் கேட்பாராக.